குறை நேரில் வர வேண்டும்

வடுவூரைத் தாண்டி, கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஆளில்லாத இடமாகப் பார்த்து, கார் நின்றது.

இருமவில்லை. குலுங்கவில்லை. பந்தியில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டது. பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு புகை கிளம்பி, அறுப்பு முடிந்த சம்பா வயலுக்கு மேலே நிதானமாகப் போனது.

வைரக்கண்ணு சாவியைத் திருகினார். ஒரு 'டிக்'. அவ்வளவுதான்.

பின்சீட்டில் சாய்ந்திருந்த தங்கம்மாள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"நின்னுடுச்சா?"

"சூடு ஏறிடுச்சு தங்கம். ஆறுனா கிளம்பிடும்."

"கொடுத்து வச்ச ஜென்மம். நான்லாம் ஆறிட்டா கிளம்ப மாட்டேன்."

அந்த வீட்டில் கேலி பேசுகிற வேலை அவளுடையது. இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகும் அந்த வேலையை மட்டும் அவள் விடவில்லை. வாரத்தில் இரண்டு நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். தவறினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், கால் வீங்கும், பிறகு மூச்சு முட்டும். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருந்த அவர்கள் ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து, மன்னார்குடியில் மாறி, கம்பியைப் பிடித்துக்கொண்டே போய், கம்பியைப் பிடித்துக்கொண்டே திரும்புவாள். போன மழைக்காலத்தில் பஸ்ஸிலேயே மயங்கி, யாரோ ஒரு கல்லூரிப் பெண்ணின் மடியில் விழுந்தாள். அன்றைக்குத்தான் வைரக்கண்ணு கார் வாங்குவது என்று முடிவு செய்தார்.

அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்த குடும்பம். அவர் தலையெடுத்து டிராக்டர் டிரைவரானார், குத்தகைக்கு உழுதார், கடைசியில் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் வாங்கினார். அந்தத் தெருவுக்குள் நுழைந்த முதல் கார் அவருடையதுதான். பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தன. தெருவே திரண்டு வந்து தொட்டுப் பார்த்தது.

இப்போது அது நட்டநடு ரோட்டில் நின்றது. மன்னார்குடிப் பக்கமிருந்து வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, தங்கம்மாளை ஏற்றினார். உட்கார இடமில்லை.

"பாருங்க," என்றாள் அவள், கம்பியைப் பிடித்தபடி. "கார் வாங்கினாலும் நமக்குக் கம்பிதான்."

*

கார் வாங்கிய இடம் தஞ்சாவூர் புறவழிச்சாலையில் இருக்கும் 'நம்பிக்கை ரதம்'.

அதைக் கடை என்று சொன்னால் உள்ளே இருப்பவர்களுக்கு முகம் சுண்டிவிடும். அது மாளிகை. அங்கே பழைய கார் கிடையாது. 'முன்னனுபவம் உள்ள கார்'தான் உண்டு. வாடிக்கையாளர் என்றொரு பிராணியும் அங்கே இல்லை. பணம் கட்டிய மறுநொடியில் அவர் 'குடும்ப உறுப்பினர்' ஆகிவிடுவார். குடும்பத்துக்குள் ரசீது கேட்டு நச்சரிப்பது நாகரிகமா என்ன?

காரை ஒப்படைப்பதை அங்கே 'கன்னிகாதானம்' என்பார்கள். பட்டுத்துணி போர்த்திய காரை மேடையில் ஏற்றி, ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். வைரக்கண்ணு ஸ்டியரிங்கில் வலது கையை வைத்து, கேமராவைப் பார்த்து, அவர்கள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்:

"கண்டேன். கேட்டேன். நிறைவடைந்தேன். இது நல்ல கார்."

அவர் 'கேட்டேன்' என்றபோது இன்ஜினுக்குள்ளிருந்து அரிசி களைகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. தங்கம்மாளுக்கும் கேட்டது. புருஷனைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். ஆனால் கற்பூரம் எரிந்துகொண்டிருக்கிறது. எரிகிற கற்பூரத்துக்கு முன்னால் அபசகுனமாக ஒரு வார்த்தை பேச எந்த ஊர்க்காரனுக்கு வாய் வரும்? இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இன்ஜினின் தலையில் தங்க நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'பிரித்தால் உறவு முறியும்.'

அந்த ஸ்டிக்கர் சாதாரணப்பட்டதல்ல. நடுரோட்டில் நின்ற காரைப் பார்க்க மன்னார்குடியிலிருந்து பைக்கில் வந்த மெக்கானிக் ஷஹ்பாஸ், கையில் ஸ்பானரை எடுத்துக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தவன், அதைக் கண்டதும் பாம்பைப் பார்த்தவன் போல நிமிர்ந்துவிட்டான்.

"அண்ணே, இது ரதம் வண்டியா? ஆளை விடுங்க. போன தடவை ஒரு வண்டியில தெரியாம இதைக் கிழிச்சுட்டேன். பழைய கோளாறு, புதுக் கோளாறு எல்லாம் நான்தான் பண்ணேன்னு எழுதி வாங்கிட்டானுங்க. வக்கீல் வீட்டுக்கு அலைஞ்சு அலைஞ்சு என் பைக்குல டயர் தேஞ்சதுதான் மிச்சம்."

"அப்ப என்னதான்டா பண்றது?"

"அங்கேயே கொண்டு போங்க. வழியில நிக்காம இருக்கணும்னு வேண்டிக்கங்க."

அவன் போன கொஞ்ச நேரத்தில் வைரக்கண்ணு சும்மா சாவியைத் திருகிப் பார்த்தார். ஒன்றுமே நடக்காத மாதிரி கார் கிளம்பியது.

*

நம்பிக்கை ரதத்தில் குறை சொல்ல வருகிறவர்கள் முதலில் டோக்கன் வாங்க வேண்டும். பிறகு குளிரூட்டிய கூடத்தில் உட்கார வேண்டும். சுவர் முழுக்க ஒரு டிவி. அதில் நிர்வாக இயக்குநர் பிரபு, வெள்ளைச் சட்டையில், நெல் வயலுக்கு நடுவே நின்றுகொண்டு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"நண்பர்களே! மற்ற கம்பெனிகள் பெட்ரோலில் ஓடுகின்றன. நாங்கள் உங்கள் நம்பிக்கையில் ஓடுகிறோம். ஒரு சொட்டு விடாமல் எரிப்போம்!"

டிவிக்கு மேலே சட்டம் போட்டு, மாலை சாத்தி, ஒரு வாசகம்: 'குறை நேரில் வர வேண்டும்.'

உட்கார்ந்திருந்த எல்லோரையும் போல வைரக்கண்ணுவும் அதற்கு, குறை உள்ளவர் நேரில் வர வேண்டும் என்றே அர்த்தம் பண்ணிக்கொண்டார். வெளியே நிழலில் கார் ஆறிக்கொண்டிருந்தது. டோக்கன் கூப்பிடுகிறபோது அது பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருந்தது.

உறவுப் பேணல் தலைமை அலுவலர் சாரங்கபாணி கை கூப்பிக்கொண்டே வந்தார். அவர் கை கூப்பாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை. அதனாலேயே அவர் கையால் எதையும் செய்துகொடுத்தும் யாரும் பார்த்ததில்லை.

"வாங்க, வாங்க. குடும்பத்துல எல்லாரும் சௌக்கியமா? சொல்லுங்க ஐயா."

"வண்டி பாதி வழியில நின்னுடுதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வண்டி. எம் பொஞ்சாதி…"

"வாங்க, வெளியில போய்க் கிளப்பிக் காட்டுங்களேன்."

வைரக்கண்ணு சாவியைத் திருகினார். கார் கிளம்பியது. அப்போதுதான் எழுந்து பால் குடித்த குழந்தை மாதிரி சிரித்தது.

சாரங்கபாணி கூப்பிய கையாலேயே கூடத்தின் பக்கம் காட்டினார். "போர்டு பார்த்தீங்கள்ல? நீங்க வந்துட்டீங்க. குறை வரலையே!"

"வரும்போது மூணு இடத்துல நின்னுச்சுங்க."

"ஐயா, நான் உங்களை நம்பலைன்னு நினைக்காதீங்க. நீங்க நிக்குதுங்கறீங்க. வண்டி ஓடுறேங்குது. நாங்க யாரை நம்பறது? எங்க எம்.டி. சொல்லுவாரு, ரெண்டு பேரையும் நம்புங்கன்னு. ரெண்டு பேரையும் நம்பறதாலதான் எங்களால எந்த நடவடிக்கையும் எடுக்க முடியறதில்லை. வேற கம்பெனியா இருந்தா ஒருத்தரை நம்பி, இன்னொருத்தர் மனசை நோகடிச்சிருப்பான்."

பேச்சு நெடுக அவர் கை பிரியவில்லை.

ஆனாலும் குடும்பமாயிற்றே என்று, இன்ஜின் நலத் தேர்வாளர் ஜெயபாரதியை அழைத்தார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். பானெட்டின் மேல் அதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டாள். சுற்றியிருந்தவர்கள் மூச்சுக்கூட விடவில்லை. பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"டெல்டா காத்துல ஈரப்பதம் ஜாஸ்தி. அது இன்ஜினுக்குள்ள ஏறியிருக்கலாம். வேற ஒண்ணுமில்லை."

வைரக்கண்ணுவின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

ஈரப்பதம்! இந்த ஒரு வார்த்தையை முன்னாடியே சொல்லியிருந்தால் எவ்வளவு நிம்மதி. நெல் கொள்முதல் நிலையத்தில் ஆயுசெல்லாம் அவர் கேட்ட வார்த்தை அது. மூட்டையைப் பிரித்து, ஒரு கை நெல்லைக் கருவியில் போட்டு, ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்புவார்கள். யாரும் சண்டை போடுவதில்லை. போய்க் களத்தில் கொட்டி, வெயிலில் காயவைத்து, மறுபடி கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வார்கள். நியாயமான ஏற்பாடு.

"எவ்வளவுங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். "பதினேழுக்கு மேல போயிடுச்சா?"

ஜெயபாரதிக்கு ஒன்றும் புரியவில்லை. "மேலதான் இருக்கும்," என்றாள்.

"காயவச்சுக் கொண்டாந்துடறேங்க!"

அவர் கும்பிட்டுவிட்டுப் போனதை, சாரங்கபாணி உள்ளபடியே நெகிழ்ந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு குடும்ப உறுப்பினர் ஆயிரத்தில் ஒருவர்தான் அமைவார்.

*

ஊர்க் களத்தில் மாசி வெயில் சுள்ளென்று அடித்தது. நெல் குவியல்களுக்கு நடுவே கார் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஸ்டிக்கரைத் தொடாமல், பானெட்டையும் நாலு கதவையும் திறந்து வைத்திருந்தார் வைரக்கண்ணு. காலையில் முகத்தைக் கிழக்கே திருப்பினார். மதியத்துக்கு மேல் நெல்லைக் காலால் துழாவி மாற்றுவது போல, காரைத் தள்ளி மேற்கே திருப்பினார். பொழுது சாய்ந்ததும் பனி இறங்காமல் தார்ப்பாய் போட்டு மூடினார்.

பக்கத்துக் குவியலுக்குச் சொந்தக்காரி மேகலா துழாவுகோலை ஊன்றிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிக் காயப்போடுங்க. உங்க வண்டி நிழலு எம் நெல்லு மேல விழுது."

"ஒரே ஒரு வெயிலு பொறுத்துக்க மேகலா. பக்குவம் வந்துடுச்சு."

"கடிச்சுப் பார்த்தீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. கேட்டதில் என்ன தப்பு? நெல்லென்றால் கடித்துப் பார்க்கலாம். காருக்கு என்ன செய்வது என்றுதான் அவரும் யோசித்துக்கொண்டிருந்தார்.

தங்கம்மாள் அந்த வாரமும் பஸ்ஸில் போனாள். ஒரு முறை போக முடியவில்லை. அன்றைக்குப் பேருந்து நிறுத்தம் வரைக்கும் நடக்கவே மூச்சு வாங்கியது. வாசலில் உட்கார்ந்து, வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்:

"இங்க ஒருத்தி உடம்பெல்லாம் தண்ணி கோத்துக் கிடக்கறேன். இவரு காருக்கு ஈரம் எடுக்கறாரு."

"உனக்காகத்தானடி எடுக்கறேன்."

"தெரியும். அதான் கோவம் வர மாட்டேங்குது," என்றாள் அவள்.

*

"எங்கே காயவச்சீங்க?" என்று கேட்டாள் ஜெயபாரதி.

"எங்க ஊரு களத்துலங்கம்மா. நல்ல வெயிலு."

ஜெயபாரதி சாரங்கபாணியைப் பார்த்தாள். சாரங்கபாணி வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"அங்கதான் தப்புப் பண்ணிட்டீங்க ஐயா. வெயில்னா எல்லா வெயிலும் ஒண்ணா? எங்க வளாகத்துல விழற வெயிலுக்கு நாங்க பொறுப்பு. வெளியில விழற வெயிலு யாரு வெயிலு? அது என்ன பண்ணுச்சோ, ஏது பண்ணுச்சோ! நாளைக்கு ஒரு குறைன்னு வந்தா, அது வண்டிக் குறையா வெயில் குறையான்னு எப்படிப் பிரிச்சுச் சொல்றது?"

"காயவைக்கலைன்னாலும் நின்னுச்சுங்க. காயவச்சும் நிக்குதுங்க."

"அப்படிச் சொல்லுங்க! அப்ப வெயில் மேல தப்பில்லை. ஒரு முடிவுக்கு வந்துட்டோம் பாருங்க."

வைரக்கண்ணு முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். "எம் பொஞ்சாதி செத்துடுவாங்க சார்!"

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிவியில் பிரபு ஒரு சொட்டு விடாமல் எரிப்போம் என்றார். சாரங்கபாணி கூப்பிய கையோடு அவரை உள்ளறைக்கு அழைத்துப் போய், கதவைத் தோளால் சாத்திவிட்டு, ஒரு ரகசியம் போலச் சொன்னார். குறை வர மறுக்கிற வண்டிகளுக்கென்றே மாளிகையில் ஒரு குழு இருக்கிறது. குறை தரிசனக் குழு. அதற்கு நாள் குறித்துக் கொடுப்பார்கள். அந்த நாளில், அந்த நேரத்தில், குழுவின் கண்ணெதிரே வண்டி நின்றுவிட்டால் போதும். மறுபேச்சில்லாமல் இன்ஜினையே மாற்றிவிடுவார்கள்.

"நெசமாவா சார்?"

"எழுதியே தரோம். ஆனா குறை வர்றதுக்கு உண்டான சூழ்நிலையை நாம உண்டாக்கணும் இல்லையா? வண்டி நின்னப்ப உள்ள யாரு இருந்தாங்க?"

"நானும் எம் பொஞ்சாதியும்."

"அவங்க எடை என்ன?"

"அது நாளுக்கு ஒண்ணுங்க. மெஷினுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு. ரத்தம் சுத்தம் பண்ணினப்புறம் ஒண்ணு."

"நின்னது எப்ப?"

"போறப்பதாங்க. முன்னாடி."

சாரங்கபாணி ஜெயபாரதியைக் கூப்பிட்டுக் கலந்து பேசினார். திரும்பி வந்து, மிகுந்த நேர்மையோடு சொன்னார்.

"அப்ப அதே எடையோட வரணும் ஐயா. மெஷினுக்குப் போய்ட்டுக் கூட்டிட்டு வந்தீங்கன்னா எடை குறைஞ்சுடும். குழு ஒத்துக்காது. முன்னாடியே கூட்டிட்டு வந்துடுங்க."

*

குறித்த நாளில் இரண்டு இடத்தில் நின்று, ஆறி, கிளம்பி, ஒருவழியாக மாளிகைக்கு வந்து சேர்ந்தார்கள். ஷாமியானா போட்டு, நாற்காலி வரிசையில் குழுவினர் உட்கார்ந்திருந்தார்கள். தங்கம்மாளின் முகம் ஊதிப் பளபளத்தது. சாரங்கபாணி கூப்பிய கையோடு பக்கத்தில் நின்று, ஆளை விட்டு இளநீர் சீவி, ஸ்ட்ரா போட்டு, கார் ஜன்னலில் நீட்டச் சொன்னார்.

"எனக்கு இதுதான் தம்பி விஷம்," என்றாள் அவள். "டாக்டரு கண்ணுல காட்டாதேன்னுட்டாரு."

"முதல் மரியாதைம்மா. சும்மா கையிலயாவது வச்சுக்கங்க. போட்டோ எடுக்கணும்."

அவள் இளநீரைக் கையில் பிடித்துக்கொண்டாள். போட்டோ எடுத்தார்கள்.

வளாகத்தைச் சுற்றி ஒரு தார்ப்பாதை. அதில் காரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வளாகத்துக்குள் மாட்டு வண்டி வேகத்துக்கு மேல் போகக் கூடாது, பாதுகாப்பு விதி. அந்த வேகத்தில் இன்ஜினுக்குச் சூடு ஏறுமா? அது கோயில் யானை மாதிரி தலையாட்டிக்கொண்டு, சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் குழு கூர்ந்து பார்த்தது. சாரங்கபாணி மைக்கில் அறிவித்தார். "குறை இன்னும் வரவில்லை. அமைதி காக்கவும்."

"சார், ரோட்டுல ஒரு தடவை விரட்டி ஓட்டிக் காட்டறேங்க," என்று கெஞ்சினார் வைரக்கண்ணு.

"வாசலுக்கு வெளியில நடக்கறதைப் பார்க்க எங்களுக்குக் கண்ணு கிடையாது ஐயா. அது எங்க கொள்கை."

போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பூவிழி.

"எங்க இருக்கீங்க? அம்மா போன தடவையே வரலை. மெஷினை வேற யாருக்கும் தராம வச்சிருக்கேன். எதுல வந்தாலும் சரி, உடனே வாங்க."

"தங்கம், ஆட்டோ பிடிச்சுப் போயிடலாமா?"

அவள் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினாள். "ஆட்டோ ஏறினா இன்னைக்குப் போவோம். அடுத்த வாரம்? அதுக்கு அடுத்த வாரம்? இன்னும் ஒரு சுத்து பாருங்க. இப்ப நின்னுடும்." கண்ணை மூடிக்கொண்டாள். "முனியாண்டவரே, நின்னுடணும். கெடா வெட்டறேன்."

கார் ஓட வேண்டுமென்று வாங்கியவள், கார் நிற்க வேண்டுமென்று கிடா நேர்ந்துகொண்டாள்.

இடையில் குழுவுக்குச் சாப்பாட்டு வேளை வந்தது. குழு இல்லாதபோது குறை வந்துவிட்டால் செல்லாது என்பதால் இன்ஜினை அணைக்கச் சொன்னார்கள். சாம்பார், ரசம், மோர் என்று நிதானமாகச் சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தார்கள். வண்டி நன்றாக ஆறியிருந்தது. அதுவரை ஓடிய சுற்றுகள் கணக்கில் வராது, முதலிலிருந்து ஓட்ட வேண்டும் என்றார்கள்.

ஓட்டினார்.

"தங்கம், அந்தப் பக்கம் மாமரம் பார்த்தியா? பூ பூத்திருக்கு."

பதில் இல்லை.

"தங்கம்?"

கண்ணாடியில் பார்த்தார். இளநீர் அவள் மடியிலிருந்து உருண்டு கீழே கிடந்தது.

காலால் பிரேக்கை மிதித்தார். கார் நின்றது. ஷாமியானாவில் எல்லோரும் எழுந்தார்கள். ஜெயபாரதி ஸ்டெதஸ்கோப்போடு ஓடி வந்து, பானெட்டின் மேல் வைத்துக் கேட்டாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"வண்டி நிக்கலை சார்," என்று கத்தினாள். "இவர்தான் நிறுத்தியிருக்காரு!"

சாரங்கபாணி மைக்கை விட்டு இறங்கி வந்தார். முகத்தில் ஏமாற்றம். "ஐயா, நீங்களா நிறுத்தினா செல்லாது. அது தானா நிக்கணும்."

வைரக்கண்ணு அவரைப் பார்த்தார். கியரை மாற்றி, குறுக்கே இருந்த கயிற்றையும் பூந்தொட்டியையும் இடித்துத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வெளியே பாய்ந்தார். விரட்டினார். ஆஸ்பத்திரிக் கட்டடம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், இன்ஜினிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு புகை கிளம்பியது.

நின்றுவிட்டது. தானாக.

மிச்சத் தூரம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். பூவிழி மெஷினைத் தயாராக வைத்திருந்தாள். டாக்டர் கைநாடி பார்த்துவிட்டு, வேண்டாம் என்று பூவிழிக்கு மட்டும் தலையசைத்தார்.

*

எட்டாம் நாளோ என்னவோ, போனில் ஒரு பெண் குரல் இனிமையாகப் பேசியது. குழுவின் முன் குறை வராததால் அவருடைய கோரிக்கை மகிழ்ச்சியுடன் முடித்து வைக்கப்பட்டதாம். பூந்தொட்டியை அன்பளிப்பாகக் கருதி மன்னித்துவிட்டார்களாம். சேவை பிடித்திருந்தால் ஒன்றை அழுத்தச் சொன்னது. அவர் போனைக் கீழே வைத்துவிட்டார்.

கருமாதி முடிந்தது. இனி கார் எங்கே போக வேண்டும்? விற்றுவிடுவதாகச் சொல்லி அனுப்பினார்.

பழைய காரை வாங்குவதற்கும் நம்பிக்கை ரதத்திலிருந்துதான் வந்தார்கள். சாரங்கபாணியும் ஜெயபாரதியும். ஆனால் ஆள் மாறியிருந்தார்கள். சாரங்கபாணியின் கைகள் பிரிந்து பாண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தன. ஜெயபாரதியிடம் கோட்டும் இல்லை, ஸ்டெதஸ்கோப்பும் இல்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க," என்றாள் தெருமுனையில் நின்றே.

வைரக்கண்ணு சாவியைத் திருகினார். அவள் பக்கத்தில்கூட வரவில்லை. காதைக் கொடுத்ததோடு சரி.

"அணைச்சுடுங்க, அணைச்சுடுங்க. இன்ஜின் செத்துப்போச்சு சார். உள்ள தேய்மானம். சூடு ஏறுனா நிக்கும். ஆறுனா கிளம்பும். வண்டி ரொம்ப நாளா இப்படித்தான் இருந்திருக்கு. சீட்டும் டயரும்தான் தேறும்."

"பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே," என்றார் சாரங்கபாணி. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். "ஏங்க, இதையெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? இவ்வளவு பெரிய குறையை வச்சுக்கிட்டு விக்கலாம்னு கூப்பிடறீங்களே, மனசாட்சி வேண்டாம்?"

தெருவில் மேகலா நின்றாள். இன்னும் நாலைந்து பேர்.

வைரக்கண்ணு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"உள்ள வாங்க," என்றார்.

விலை பேசத்தான் கூப்பிடுகிறார் என்று இருவரும் குனிந்து உள்ளே போனார்கள். சுவரோரம் ஸ்டூலில் தங்கம்மாளின் படம். பக்கத்தில் அகல் எரிந்துகொண்டிருந்தது.

"இப்ப வெளியில சொன்னீங்களே அம்மா. அதை இவகிட்ட ஒரு தடவை சொல்லிடுங்க."

ஜெயபாரதி படத்தைப் பார்த்தாள். அன்றைக்குக் காருக்குள் இருந்த முகத்தை அவள் பார்த்திருக்கவில்லை.

"அது… நான் அப்படிச் சொல்ல முடியாதுங்க. வாங்கற பக்கம் வந்தா குறையைச் சொல்லலாம். வித்த பக்கம்னா சொல்லக் கூடாது. இவங்க…" சாரங்கபாணியின் பக்கம் திரும்பினாள். "சார், இவங்க எந்தப் பக்கம் சார்?"

சாரங்கபாணியின் கைகள் பாக்கெட்டிலிருந்து தாமாக வெளியே வந்து கூப்பிக்கொண்டன. வாய் திறந்தது. "எங்கள் குடும்பத்தின் அன்பான…" என்றார். அதற்கு மேல் வரவில்லை.

"அவசரமில்லைங்க," என்றார் வைரக்கண்ணு.

மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து, படத்துக்கு எதிரே விரித்தார். இரண்டு பேருக்கும் சொம்பில் தண்ணீர் வைத்தார். அப்புறம் வாசற்கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"உட்காருங்க. வார்த்தை வர்ற வரைக்கும் இருக்கலாம்."